கிராமத்துப் பழைய கோவில் பார்க்கப் போகிறீர்களா? முதலில் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டத்துக் கிராமங்களில் "சர்ச்" என்ற சொல் அவ்வளவாகக் காதில் விழாது. கோவில்தான். "கோவிலுக்குப் போயிட்டு வாறேன்" என்று ஒருவர் சொன்னால் அது மாதா கோவிலா, அம்மன் கோவிலா என்பதை ஊரை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நானும் இந்தக் கட்டுரை முழுக்கக் கோவில் என்றே எழுதுகிறேன், அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறபடி.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் சாத்தான்குளம் பக்கம் ஒரு தேரிக்காட்டு (செம்மணல் காட்டு) ஊரில் மத்தியானம் ஒரு மணிக்கு பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று அங்கே இருந்த பழைய கோவிலைப் பார்க்கப் போனேன். பூட்டியிருந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்த ஒரு ஆச்சி, "எங்கேருந்து வாறிய? கோவில் பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பேரனைச் சாவி வாங்க அனுப்பிவிட்டார். உள்ளே போனதும் வெயிலெல்லாம் மறந்துபோனது. அத்தனை குளிர்ச்சி. ஆச்சி தரையில் ஒரு கல்லைக் காட்டி, "இது எங்க பாட்டி ஞானஸ்நானம் எடுத்த இடம்" என்றார். அன்றைக்கு மூன்று மணி பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

இந்தக் கோவில்களுக்கு டிக்கெட் கிடையாது, வழிகாட்டி கிடையாது, பெரும்பாலான இடங்களில் ஒரு தகவல் பலகைகூடக் கிடையாது. தெரிந்தவையெல்லாம் ஊர்க்காரர்களின் நினைவிலும் சுவரிலும் தரைக்கல்லிலும் இருக்கின்றன. அதனால் முதல் முறை போகிறவர்களுக்குக் கட்டடக்கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊருக்குள் எப்படி நுழைவது, யாரிடம் பேசுவது, எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும். நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால்

அது கத்தோலிக்கக் கோவிலா, சி.எஸ்.ஐ. (சீர்திருத்தச் சபைகள் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபை) கோவிலா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். யாரைக் கேட்பது, எப்போது திறந்திருக்கும், உள்ளே என்ன இருக்கும் என்பதெல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

கத்தோலிக்கர்கள் பங்கு என்பார்கள். ஒரு பங்குக்கு ஒரு தலைமைக் கோவில், அதன் பக்கத்திலேயே பங்குத்தந்தை இல்லம், சுற்றிலும் சில கிளைக் கிராமங்கள். சி.எஸ்.ஐ.யில் அதைச் சேகரம் என்பார்கள், சேகரத்துக்குப் பொறுப்பு சேகர குருவானவர், வயதானவர்கள் இன்றைக்கும் அவரை "ஐயர்" என்றே சொல்வார்கள். நீங்கள் புதியவர் என்றால் கிளைக் கிராமத்துச் சின்னக் கோவிலில் ஆரம்பிக்காமல் குருவானவர் தங்கியிருக்கிற தலைமைக் கோவிலில் ஆரம்பியுங்கள். ஆள் இருப்பார், கதவு திறக்கும்.

கொஞ்சம் வரலாறும் தெரிந்திருந்தால் பார்ப்பது சுலபம். முத்துக்குளித்துறை என்கிற தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான வருடங்களில் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள், 1542 இல் புனித சவேரியார் அங்கே வந்தார். உள்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தது மதுரை மிஷனின் சேசு சபைக் (ஜெசூட்) குருக்கள், காவி உடுத்தித் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். அந்தச் சபையை ரோமே 1773 இல் கலைத்துவிட்டது. பிறகு அது மீண்டும் உயிர்பெற்று, 1838 இல் பிரெஞ்சு சேசு சபையினர் மதுரைப் பக்கம் திரும்பி வந்தார்கள். உள்நாட்டில் ஒரு கத்தோலிக்கக் கோவில் கூர்மாட வளைவும் (உச்சி கூர்ந்த வளைவு) உயர்ந்த கோபுரமுமாக இருந்தால் அது பெரும்பாலும் 1838க்குப் பிற்பட்ட பிரெஞ்சுக் கை என்று நினைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பிக்கலாம்.

சீர்திருத்தத் திருச்சபையின், அதாவது புராட்டஸ்டண்டுகளின், கதை வேறு. அங்கே கோவிலோடு சேர்த்து ஊரையே புதிதாக உருவாக்கினார்கள். 1799 இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் (மறைபோதனை செய்யும் சபைப் பணியாளர்) முயற்சியில், கிறிஸ்தவர்களாக மாறியதால் சொந்த ஊரில் வாழ முடியாமல் போனவர்களுக்காக ஒரு குடியிருப்பு உண்டானது. அதுதான் முதல் ஊர், அதனால் பெயரே முதலூர். அதற்குப் பிறகு வந்த பெயர்களைப் பாருங்கள்: மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம், கடாட்சபுரம், பிரகாசபுரம், நாசரேத். பஸ்ஸின் பெயர்ப்பலகையே பாதி வரலாறு சொல்லிவிடும். டோனாவூர் என்ற பெயர், நிலம் வாங்கப் பணம் கொடுத்த கவுன்ட் டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவிடமிருந்து வந்தது, ஊரை உண்டாக்கியவர் இரேனியஸ் ஐயர். இந்தச் சபைகளெல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை என்று ஆனது 1947 செப்டம்பர் 27 அன்று. அதனால் வாசலில் சி.எஸ்.ஐ. என்று எழுதியிருந்தாலும் கோவில் அதைவிட நூறு வருடம் பழையதாக இருக்கலாம்.

எப்போது போவது

சித்திரை, வைகாசியில் தேரிக்காட்டுப் பக்கம் போகாதீர்கள். செம்மணல் அனலாகக் கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில உள்ளூர்ச் சாலைகள் மோசமாகிவிடும். தை, மாசி சரியான காலம், பனங்கிழங்கும் கிடைக்கும், மாசி கடைசியில் பதநீரும் வந்துவிடும்.

நாளைப் பொறுத்தவரை என் யோசனை இது: முதல் முறை திருவிழா நேரத்தில் போகாதீர்கள். கொடியேற்றத்திலிருந்து பத்து நாளும் ஊர் முழுக்கக் கூட்டம், சீரியல் பல்பு, ஒலிபெருக்கி, கோவிலின் முகப்பே பந்தலுக்குப் பின்னால் மறைந்துவிடும். சாதாரண வாரநாளில் ஒரு முறை அமைதியாகப் பார்த்துவிட்டு, அப்புறம் அதே கோவிலுக்குத் தேர்ப்பவனி அன்றைக்குப் போங்கள். சும்மா கிடந்த சப்பரக்கூடமும் மைதானமும் எதற்காக இருக்கின்றன என்பது அப்போதுதான் புரியும். சி.எஸ்.ஐ. ஊர்களில் அசனப் பண்டிகை அன்று போனால் யாரும் உங்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள்.

இன்னொரு நல்ல நாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கத்தோலிக்க ஊர்களில் அன்றைக்குக் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்பார்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளும் வந்திருப்பார்கள், எந்தக் கல்லின் கீழ் யார் என்று கேட்கச் சரியான ஆட்கள் கிடைப்பார்கள். ஆனால் அது துக்கமும் கலந்த நாள், கேமராவைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: கத்தோலிக்கப் பங்குகளில் பெரும்பாலும் விடியற்காலைத் திருப்பலி, அதாவது பூசை, இருக்கும். அது முடிந்ததும் ஒரு மணி நேரம் கதவு திறந்திருக்கும், காலை வெளிச்சமும் நன்றாக இருக்கும். பதினொரு மணிக்கு மேல் மாலை நாலு மணி வரை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். சி.எஸ்.ஐ. கோவில்கள் ஆராதனை இல்லாத நேரத்தில் பூட்டித்தான் இருக்கும். ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்துக்குப் போவது ஒரு வழி, சாவி கேட்பது இன்னொரு வழி.

சாவி

சாவி கோவில்பிள்ளையிடம் (கோவிலைக் கவனித்துக்கொள்பவர்) இருக்கும், இல்லையென்றால் உபதேசியாரிடம், இல்லையென்றால் சபை ஊழியரிடம். அவர் வீடு எது என்று கோவிலுக்கு நேர் எதிரே உள்ள பெட்டிக்கடையில் கேளுங்கள். கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி "யார் வீட்டுக்கு வந்திருக்கிய?" என்பதாக இருக்கும். சந்தேகத்தில் கேட்பதில்லை, அந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் யாராவது ஒருவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். "யார் வீட்டுக்கும் இல்லண்ணே, பழைய கோவிலப் பாக்க வந்தேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஆராய்ச்சி செய்கிறேன், பத்திரிகையில் எழுதுகிறேன் என்றெல்லாம் ஆரம்பித்தால் உடனே கமிட்டியைக் கேட்க வேண்டும், மேலிடத்தில் கடிதம் வேண்டும் என்று ஆகிவிடும்.

குருவானவர் ஊரில் இருந்தால் அவரை முதலில் பார்ப்பதுதான் மரியாதை. கத்தோலிக்கக் குருவை "ஃபாதர்" என்றோ, ஊர்க்காரர்களைப் போல "சாமி" என்றோ அழைக்கலாம். சி.எஸ்.ஐ. குருவானவரை "ஐயா" என்றால் போதும். வணக்கம் சொல்லுங்கள், பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். உங்கள் மதத்தை யாரும் கேட்டால் மறைக்க வேண்டாம். இத்தனை வருடத்தில் என்னை ஒருவரும் உள்ளே விட மாட்டேன் என்று சொன்னதில்லை.

சாவி கொண்டுவருபவரைக் கதவு திறந்ததும் அனுப்பிவிடாதீர்கள். "நீங்களும் வாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கூப்பிடுங்கள். இந்த முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் அந்த மணியை அடித்தவருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

உள்ளே

செருப்பை வாசலிலேயே விடுங்கள். கிராமத்துக் கோவில்களில் தரையில் உட்கார்ந்துதான் பூசை காண்பார்கள், அந்தத் தரை சுத்தமாக இருக்க வேண்டும். பல ஊர்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வழிபாடு நடக்கும்போது போனால் பின்னால் நின்று கவனித்து அதற்கேற்ப உட்காருங்கள். பெண்கள் முக்காடு போடுவது வழக்கம், துப்பட்டாவோ முந்தானையோ போதும்.

கத்தோலிக்கக் கோவிலில் வாசலில் தீர்த்தத் தொட்டி இருக்கும், நீங்கள் தொட்டுக் கும்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. பீடத்தின் பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே நற்கருணை வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், அதற்கு முன்னால் சத்தமாகப் பேசாதீர்கள். திருப்பலியில் எல்லோரும் எழுந்து நற்கருணை வாங்கப் போகும்போது நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், அது அவர்களுக்கு மட்டுமான ஒன்று. பீடத்தைச் சுற்றிய கிராதியைத் தாண்டிப் போகக் கூடாது. மரக்கிராதியோ இரும்புக்கிராதியோ, அதன் மேல் சாய்ந்து நின்றுகூடப் படம் எடுக்காதீர்கள். யாராவது முழந்தாளிட்டு அழுதுகொண்டிருந்தால் கேமராவை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், கட்டடம் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

கோவிலை வாசிப்பது

எனக்குப் பிடித்த பகுதி இது.

வெளியே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கத்தோலிக்கக் கோவிலுக்கு முன்னால் கொடிமரம் இருக்கும். இந்துக் கோவிலின் அதே இடத்தில், அதே வேலைக்கு. பக்கத்தில் கெபி, அதாவது குகை போலக் கட்டி மாதா சுரூபம் (சிலை) வைத்த இடம். குமரி மாவட்டத்தில் முச்சந்திகளில் குருசடி, அதாவது சிலுவை வைத்த சின்ன வழிபாட்டிடம், இருக்கும். குருசு, பாதிரி, அல்தார் எல்லாம் போர்த்துகீசியர்கள் விட்டுப்போன சொற்கள், இன்றைக்கும் பேச்சில் இருக்கின்றன.

கூரையை அண்ணாந்து பாருங்கள். மங்களூர் ஓடு போட்டிருந்தால், அந்த ஓட்டை பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்ய ஆரம்பித்தது 1865 இல், ஆகவே அந்தக் கூரை அதற்கு அப்புறம் வேய்ந்தது. சுவர் அதைவிடப் பழையதாக இருக்கலாம். கீழே விழுந்து கிடக்கிற ஓட்டைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் செய்த இடத்தின் பெயர் அச்சில் இருக்கும். மரச்சட்டங்களுக்கு மேல் சிறு செங்கலை நெருக்கமாகக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்ட தட்டையான மச்சு என்றால் அது மெட்ராஸ் டெரஸ், அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது ரொம்பக் குறைவு. பனைவிட்டம் இருந்தால் தொட்டுப் பாருங்கள், வைரம் பாய்ந்த பனை இரும்பு மாதிரி இருக்கும். சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் கை வைத்தால் மாவு போல வருவது சுண்ணாம்பு, சொரசொரவென்று சாம்பல் நிறத்தில் இருப்பது பிற்பாடு பூசிய சிமெண்ட். ஈரம் வெளியேற வழியில்லாமல் சிமெண்ட் பூச்சு பழைய சுவரை உள்ளுக்குள் அரிக்கும், அதனால்தான் பல கோவில்களில் பூசிய இடத்துக்குப் பக்கத்தில் உப்புப் பூத்திருக்கிறது.

உள்ளே பீடத்தைப் பாருங்கள். கத்தோலிக்கக் கோவிலில் பின்சுவரோடு ஒட்டிய ஒரு பெரிய பழைய பீடமும், அதற்கு முன்னால் தனியாக ஒரு மேசைப் பீடமுமாக இரண்டு இருக்கும். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னால் பூசை லத்தீனில், குரு மக்களோடு ஒரே திசையைப் பார்த்து நின்று. பிறகுதான் தமிழ் வந்தது, குரு மக்கள் பக்கம் திரும்பினார், முன்னால் புதுப் பீடம் வந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பக்கத்தில் இருந்தால் லத்தீன் பூசை நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அர்த்தம் தெரியாமலே மனப்பாடமாகப் பாடிக் காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சி.எஸ்.ஐ. கோவிலில் சுரூபங்கள் இருக்காது. அங்கே பிரசங்க பீடம், ஞானஸ்நானத் தொட்டி, சுவரில் பதித்த நினைவுக் கற்கள் ஆகியவற்றைப் பாருங்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை குரல் போக வேண்டும் என்பதற்காகத்தான் பிரசங்க பீடம் அவ்வளவு உயரம்.

அப்புறம் எழுத்து. ஒரு கல்லில் "சே.ம.சூ." என்று இருந்தால் அது சேசு, மரி, சூசை. பழைய கத்தோலிக்கத் தமிழில் இயேசு என்று எழுத மாட்டார்கள், சேசுநாதர்தான், கடவுள் சர்வேசுரன், தூய ஆவி ஸ்பிரீத்து சாந்து. கல்லில் லை, ணை, னை எல்லாம் கொம்பு வளைந்த பழைய வடிவத்தில் இருந்தால் பெரும்பாலும் 1978 இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்டது. அதைவிடப் பழைய எழுத்தில் எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கலாம். அவற்றைப் பிரித்து எழுத வழி செய்தவர் வீரமாமுனிவர், அவரும் இப்படி ஒரு கிராமத்துப் பங்கின் குருவாக இருந்தவர்தான். கல் மங்கியிருந்தால் சுண்ணாம்போ சாக்கட்டியோ தேய்க்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். மொபைல் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் தரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும்.

வாசல்கள் எத்தனை என்று எண்ணுங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் கோவில்களைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில் வடக்கன்குளம் இருக்கிறது. கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளை 1745 இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதே வடக்கன்குளத்தில் 1872 இல் எழுந்த கோவில் சாதிக்கு ஒன்றாக இரண்டு நீண்ட பிரிவுகளும் நடுவே தடுப்புமாகக் கட்டப்பட்டது, இரண்டு பிரிவும் பீடத்தில் மட்டும் போய்ச் சேரும். 1910 இல் சேசு சபைக் குரு கவுசானல் அடிகளார் காலத்தில் அந்தத் தடுப்புச்சுவர் இடிக்கப்பட்டது. தனி இடம் வேண்டும் என்று கேட்டவர்கள் வழக்குப் போட்டார்கள், சென்னை உயர்நீதிமன்றம் 1917 இல் அதை ஏற்கவில்லை.

சுவர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் எந்தப் பழைய கோவிலிலும் பக்கவாசல்கள் எத்தனை, எந்தத் தெருவைப் பார்த்து இருக்கின்றன, தேர் எந்தத் தெருவோடு திரும்பி வந்துவிடுகிறது, கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா என்று கவனியுங்கள். இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே யாரிடமும் கேட்க வேண்டாம். பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது மூன்றாவது முறை போகும்போது அவர்களே சொல்வார்கள். அழகான வளைவுகளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் முறைக்கு ஒரு நாள் சுற்று

திருச்செந்தூரில் தங்கிக்கொண்டு காரிலோ பைக்கிலோ ஒரு வட்டம் போடலாம். டவுன் பஸ்ஸிலும் முடியும், ஆனால் ஒரே நாளில் எல்லாம் கிடைக்காது.

காலையில் உடன்குடி வழியாக மெஞ்ஞானபுரம். பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி, பனைமரங்களுக்கு மேலே ரொம்ப தூரத்திலிருந்தே தெரிய ஆரம்பிக்கும். வேல்ஸ் நாட்டுக்காரரான ஜான் தாமஸ் ஐயர் கட்டியது, அவர் 1870 இல் இறந்து அங்கேயே அடக்கம். இந்த மணல்காட்டில் இவ்வளவு உயரத்துக்கு ஒரு கோபுரம் எதற்கு என்று முதலில் தோன்றும். கீழே நின்று பாருங்கள், தோன்றாது.

அங்கிருந்து சாத்தான்குளம் வழியாக முதலூர். கோவிலைப் பார்த்துவிட்டு மஸ்கோத் அல்வா வாங்கிக்கொள்ளுங்கள், தேங்காய்ப்பாலில் கிண்டியது, நெய் அல்வா மாதிரி கையில் ஒட்டாது.

அடுத்து திசையன்விளைப் பக்கம் இடையன்குடி. ஒரே ஒரு கோவில்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். கால்டுவெல் 1841 இல் இங்கே வந்து சேர்ந்தார், சென்னையிலிருந்து பெரும்பகுதி நடந்தே வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856 இல் வெளிவந்தது, அதை எழுதிய காலத்தில் அவர் இந்த ஊரின் குருவானவர். பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847 இல் வேலை ஆரம்பித்து 1880 இல்தான் பிரதிஷ்டை நடந்தது, முப்பத்துமூன்று வருடம். ஊர்க் கொத்தனார்களையும் ஆசாரிகளையும் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக் கூர்மாட வளைவை இந்த ஊரில் எழுப்ப அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. கால்டுவெல் 1891 இல் கொடைக்கானலில் இறந்தார், உடலை இங்கே கொண்டுவந்து இந்தக் கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அவர் மனைவி எலைசா இந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர், அதைப் பற்றி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கால்டுவெல்லை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

பிறகு உவரி வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி வடக்கே திரும்பினால் மாலை வெயிலில் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோவில், 1581 இல் கட்டியது என்கிறார்கள். கீழே சவேரியார் தங்கிய குகை, கடலை ஒட்டியே நல்ல தண்ணீர்க் கிணறு. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு முன்னும் பின்னும் நிற்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் சாயங்காலம் அந்தக் குன்றில் உட்கார்ந்தால் காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. அங்கிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் பக்கம்தான்.

இதில் பழகிவிட்டால் அடுத்த பயணங்களுக்கு: இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓரியூர், அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம், அங்கே மண் சிவப்பு, மக்கள் அதைப் பக்தியோடு எடுத்துப் போவார்கள். சிவகங்கை மாவட்டத்தில் இடைக்காட்டூர் திருஇருதய ஆலயம், பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து 1894 இல் வயல்களுக்கு நடுவே எழுப்பியது. அரியலூர் மாவட்டத்தில் ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் கொடுத்துக் கலம்பகமும் பாடிய இடம். போகும் முன் அந்தக் கலம்பகத்தில் நாலு பாட்டாவது படித்துவிட்டுப் போங்கள்.

எழுதி வையுங்கள்

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எப்போதும் இருக்கட்டும். அடிக்கல்லில் என்ன வருடம், மணியில் என்ன எழுத்து, தரையில் யார் பெயர், சாவி கொண்டுவந்தவர் என்ன சொன்னார், இவ்வளவு போதும்.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு ஊரில் நூறு வருடத்துக்கு மேல் பழைய கோவில் ஒன்றை நான் முதல் முறை அரைமணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு, அடுத்த முறை நிதானமாக வரலாம் என்று கிளம்பிவிட்டேன். இரண்டு வருடம் கழித்துப் போனபோது அந்த இடத்தில் கான்கிரீட் தூண்கள் நின்றன. தரையில் இருந்த கல்லறைக் கற்கள் மதிலோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, ஒன்று இரண்டாக உடைந்திருந்தது. ஊர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பழையதில் மழைக்கு ஒழுகும், கூட்டம் கொள்ளாது, அவர்கள் கல்யாணமும் அடக்கமும் நடக்கிற இடம் அது. ஆனால் அந்தக் கல்லில் இருந்த நாலு வரியை அன்றைக்கு நான் எழுதியிருந்தால் அது இன்றைக்கு இருந்திருக்கும். இப்போது யாரிடமும் இல்லை.

எடுத்த படங்களைப் பங்குத்தந்தைக்கோ சேகர குருவுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கோவில் வரலாற்று மலர் போடும்போது அவர்கள் தேடுவது இவற்றைத்தான்.

கிளம்பும்போது காணிக்கையை உண்டியலில் போடுங்கள். சாவி கொண்டுவந்தவரின் கையில் காசைத் திணித்தால் சிலர் சங்கடப்படுவார்கள், வரும்போதே பழமோ பிஸ்கட்டோ வாங்கி வந்திருந்தால் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். உங்களுக்காகப் போட்ட ஃபேனையும் விளக்கையும் அணைத்தீர்களா என்று பாருங்கள், திறந்த ஜன்னலைச் சாத்துங்கள், திறந்து கிடந்தால் புறா வந்து கூடு கட்டிவிடும். சாவியைக் கடையில் கொடுத்துவிட்டுப் போகாமல் வாங்கிய வீட்டிலேயே கொடுங்கள். அப்போது காப்பி போடட்டுமா என்று கேட்பார்கள். கருப்பட்டிக் காப்பி, உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள்.